கைடு போர்ட் இல்லாத மவுண்டில் ஆட்டோகைடிங்: கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

வானத்தைப் படம் பிடிக்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் மவுண்ட்களில் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் கருவி) பாதிக்கு மேல் கைடு போர்ட் கிடையாது. ஏஇசட்-ஜிடிஐ போன்ற சின்ன மவுண்ட்களில் எஸ்டி-4 என்ற அந்தத் துளையே வைக்கவில்லை. "அப்படியென்றால் கைடிங் முடியாதா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. முடியும். ஒரு நட்சத்திரத்தைச் சின்னக் கேமராவால் கவனித்து, மவுண்டின் நகர்வைத் தானாகத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் கைடிங். கைடு கேமராவிலிருந்து மவுண்டுக்குத் தனி வயர் போகாது, அவ்வளவுதான். கேமரா கம்ப்யூட்டருக்குப் படம் தரும். பிஎச்டி2 மென்பொருள் நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும். ஆஸ்காம் அல்லது இண்டி என்ற, மவுண்டோடு பேச உதவும் டிரைவர் மென்பொருள் வழியாக மவுண்டுக்கு "இத்தனை மில்லிவிநாடி நகரு" என்று உத்தரவு போகும். இதற்குப் பெயர் பல்ஸ் கைடிங். தொலைநோக்கி எந்தத் திசையில், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரிந்திருப்பதால், எஸ்டி-4 இருக்கும் மவுண்டிலும் நான் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறேன்.

கோளாறு வரும்போது பலர் உடனே புது கேமரா, புது மவுண்ட் என்று விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் சரிசெய்து கொடுத்தவற்றில் பெரும்பாலானவை ஒரு செட்டிங்கிலோ, ஒரு திருகாணியிலோ முடிந்தன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாததை முதலில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு எச்சரிக்கைகள்

கைடு கேமராவின் பின்னால் டெலிபோன் சாக்கெட் மாதிரி ஆறு பின் துளை ஒன்று இருக்கும். மவுண்டில் ஹேண்ட் கன்ட்ரோலர் செருகும் துளையும் சில மாடல்களில் அதே அளவுதான். வயர் பொருந்துகிறதே என்று இரண்டையும் இணைத்துவிடாதீர்கள். ஹேண்ட் கன்ட்ரோலருக்கான துளையில் மின்சாரம் வருகிறது. கேமராவோ, மவுண்ட் போர்டோ, இரண்டுமோ போய்விடலாம்.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் சாதாரண யூஎஸ்பி-சீரியல் கேபிளின் முனையை வெட்டி மவுண்டில் நேராகச் சொருகுவது. மவுண்ட் எதிர்பார்ப்பது டிடிஎல் அளவு சமிக்ஞை. அந்தக் கேபிள் தருவது ஆர்எஸ்-232, அதன் வோல்டேஜ் பல மடங்கு அதிகம். ஈக்யூடைரக்ட் என்று விற்கும் கேபிளைத்தான் வாங்க வேண்டும்.

அறிகுறி 1: கம்ப்யூட்டர் மவுண்டைக் கண்டுகொள்ளவே இல்லை

*கேபிள் வழியாக இணைத்திருந்தால்:* டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைச் சொருகுங்கள். புதிதாக ஒரு காம் போர்ட் எண் தோன்றுகிறதா?

தோன்றவில்லை என்றால் வேறு யூஎஸ்பி துளை, அப்புறம் வேறு கேபிள். ஹேண்ட் கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் யூஎஸ்பி துளை வழியாக இணைப்பவர்கள், எடுத்துவந்த வயர் சார்ஜ் மட்டும் போடும் வயரா என்று பாருங்கள். அதில் டேட்டா போகாது. காம் போர்ட் வந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நின்றால் டிரைவர் கோளாறு. மலிவுக் கேபிள்களில் போலி சிப் இருப்பதுண்டு, புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது. எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளுக்கு மாறினால் தலைவலி தீரும்.

எண் ஒழுங்காகத் தோன்றினால், அதே எண் டிரைவர் செட்டிங்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை வேறு துளைக்கு மாற்றினாலே எண் மாறிவிடலாம். தொடர்பு வேகம் (பாட் ரேட்) பெரும்பாலும் 9600, மவுண்டிலேயே யூஎஸ்பி இருக்கும் மாடல்களில் 115200. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

*வைஃபை வழியாக என்றால்:* மவுண்டின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று லேப்டாப் தானாகவே வீட்டு வைஃபைக்கோ போன் ஹாட்ஸ்பாட்டுக்கோ தாவிவிடும். மற்ற நெட்வொர்க்குகளின் "தானாக இணை" என்பதை எடுத்துவிடுங்கள். போன் செயலியும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் மவுண்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் போனை விலக்குங்கள்.

கேபிள் வேறு, கம்ப்யூட்டர் வேறு, மின்சாரம் வேறு என்று மூன்றையும் மாற்றிப் பார்த்தும் பதில் இல்லை, ஆனால் ஹேண்ட் கன்ட்ரோலரில் மட்டும் மவுண்ட் ஓடுகிறது என்றால் போர்டில் கோளாறு இருக்கலாம். இதற்கு மேல் வாங்கிய இடத்துக்கோ சர்வீஸுக்கோ போக வேண்டியதுதான். உத்தரவாதக் காலத்தில் மூடியைக் கழற்றாதீர்கள்.

அறிகுறி 2: எல்லாம் இணைந்துவிட்டது, கேலிப்ரேஷனில் நட்சத்திரம் நகரவே இல்லை

உத்தரவுக்கு நட்சத்திரம் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளந்துகொள்வதுதான் கேலிப்ரேஷன். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

*பிஎச்டி2-ல் மவுண்ட் என்ற இடத்தில் என்ன தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்?* அங்கே "ஆன்-கேமரா" என்று இருந்தால், மென்பொருள் எஸ்டி-4 வயர் வழியாக உத்தரவு அனுப்பப் பார்க்கிறது. உங்களிடம் அந்த வயரே இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்காம் பட்டியலில் உங்கள் மவுண்டின் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஈக்யூமாட் என்ற டிரைவரைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் உள்ளேயும் கைடிங் வகை எஸ்டி-4 என்று இல்லாமல் பல்ஸ் கைடு என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*அது சரியாக இருந்தால்,* டூல்ஸ் மெனுவில் மேனுவல் கைடு என்று ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் 3000 மில்லிவிநாடி போட்டு மேற்கு, கிழக்கு என்று அழுத்திப் பாருங்கள். திரையில் நட்சத்திரம் நகர்ந்தால் உத்தரவு போய்ச் சேருகிறது, பிரச்சினை அளவில்தான். நகராவிட்டால் மவுண்ட் டிராக்கிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் லீவர் லூசாக இருக்கிறதா என்றும் கையால் தொட்டுப் பாருங்கள். லீவர் பாதி இறுகிய நிலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தொலைநோக்கிக் குழாய் அசையாது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது.

*அளவு பிரச்சினை என்றால்* கைடு வேகத்தைப் பாருங்கள். சில டிரைவர்களில் அது 0.1 என்று கிடக்கும். வானம் சுழலும் வேகம் விநாடிக்கு சுமார் 15 கோணவிநாடி (ஒரு கோணவிநாடி என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு). அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை கோணவிநாடிதான். நம்மில் பலர் வைத்திருக்கும் 30 மி.மீ. விட்டம், 120 மி.மீ. குவியத்தூரம் கொண்ட கைடு ஸ்கோப்பில், 3.75 மைக்ரான் பிக்சல் கேமரா பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு சுமார் 6.4 கோணவிநாடி. அந்த வேகத்தில் நட்சத்திரம் ஒரு பிக்சல் நகரவே நான்கு விநாடிக்கு மேல் ஆகும். கைடு வேகத்தை 0.5 ஆக்கி, கேலிப்ரேஷன் ஸ்டெப்பை 1800 மில்லிவிநாடி அளவில் வையுங்கள். குவியத்தூரத்தையும் பிக்சல் அளவையும் சரியாகக் கொடுத்தால் பிஎச்டி2-ன் கணக்குப் பெட்டியே ஸ்டெப்பைச் சொல்லிவிடும். அங்கே கொடுக்க வேண்டியது கைடு ஸ்கோப்பின் குவியத்தூரம். பெரிய குழாயின் எண்ணைப் போட்டு இரவு முழுக்கத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*நகர்கிறது, ஆனால் இரண்டு அச்சும் செங்குத்தாக இல்லை என்று எச்சரிக்கை வந்தால்:* ஏஇசட்-ஜிடிஐ மாதிரி இரண்டு வகையாகவும் ஓடும் மவுண்ட், இணைக்கும்போது ஆல்ட்-அஸ் முறையில் (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது) திறந்துவிட்டதா என்று பாருங்கள். அதை ஈக்யூ முறையில் (ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்பது) ஓட்ட அதற்குரிய ஃபர்ம்வேர் வேண்டும். அது சரி என்றால், கேலிப்ரேஷன் செய்த இடம் தப்பு. வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) அருகே, உச்சிக்கோட்டுக்கு (வடக்கு-தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோடு) பக்கத்தில் செய்ய வேண்டும். தை, மாசியில் இரவு ஓரியனின் இடுப்புப் பட்டை கிட்டத்தட்ட நடுவரையின் மேலேயே இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் திருவோண நட்சத்திரம் 9 பாகைதான் வடக்கே. தமிழ்நாட்டில் நடுவரை கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே போகிறது, அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: டெக் கோடு ஒரே பக்கம் ஏறிக்கொண்டே போகிறது

டெக் என்பது வடக்கு-தெற்காக நகர்த்தும் அச்சு. பிஎச்டி2-ன் வரைபடத்தில் அதன் கோடு இப்படி ஏறினால், துருவ அச்சு (வானத் துருவத்தை நோக்க வேண்டிய அச்சு) சரியாக அமையவில்லை என்று பொருள். ஐந்து கோணநிமிடப் பிழை இருந்தாலே நட்சத்திரம் நிமிடத்துக்கு ஒரு கோணவிநாடிக்கு மேல் நழுவக்கூடும். கைடிங் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. துருவ நட்சத்திரம் சென்னையில் சுமார் 13 பாகை உயரத்தில், திருச்சியில் 11-க்குக் கொஞ்சம் கீழே, கன்னியாகுமரியில் 8 பாகையில். அடிவானத்துப் புகைமூட்டத்திலும் தென்னை மரத்திலும் அது மறைந்துவிடும். பல மவுண்ட்களின் சாய்வுத் திருகு அவ்வளவு கீழே இறங்குவதும் இல்லை. இறங்கினாலும், எதிரெடை மாட்டும் எடைக்கம்பி ட்ரைபாட் காலில் இடித்துக்கொள்ளும்.

*சாய்வு போதவில்லை என்றால்:* ட்ரைபாடின் ஒரு காலை நேர் வடக்கே வைத்து, அந்தக் காலை மட்டும் கொஞ்சம் குட்டையாக்குங்கள். தலைப்பகுதி வடக்கே சாயும், அச்சும் இறங்கும். "ட்ரைபாட் சமமாக இல்லையே" என்று பயப்பட வேண்டாம். ஈக்யூ மவுண்டுக்குத் தேவை அச்சு துருவத்தை நோக்குவது மட்டுமே, குமிழி மட்டம் நடுவில் நிற்பதல்ல. ஆனால் எல்லா எடையும் ஏற்றிய பிறகு வடக்குப் பக்கம் கவிழ்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

*எடைக்கம்பி இடித்தால்:* மவுண்டுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே ஒரு சின்ன நீட்சிக் குழாய் போதும். லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். மோட்டார் ஓடும்போது இடித்தால் கியர் பல் போகும். அதனால் பகலிலேயே அச்சுகளை முழுக்கச் சுற்றிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று குறித்துவைப்பது நல்லது.

*துருவ நட்சத்திரமே தெரியவில்லை என்றால்:* பிஎச்டி2-ல் இருக்கும் டிரிஃப்ட் அலைன் கருவியைப் பயன்படுத்துங்கள். முதலில் உச்சிக்கோட்டருகே, நடுவரையை ஒட்டிய ஒரு நட்சத்திரம். அதன் டெக் நழுவல் கிழக்கு-மேற்குப் பிழையைக் காட்டும். பக்கவாட்டுத் திருகைக் கொஞ்சம் திருப்புங்கள், நழுவல் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ 30, 40 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம். அது உயரப் பிழையைக் காட்டும். இரண்டையும் இரண்டு முறை சுற்றினால் போதும். முதல் தடவை முக்கால் மணி நேரம் பிடிக்கும், பழகினால் 20 நிமிடம். வடக்கு வானம் திறந்திருந்தாலும் நான் இதையே செய்கிறேன். 10 பாகை உயரத்தில் காற்று துருவ நட்சத்திரத்தைச் சுமார் ஐந்து கோணநிமிடம் தூக்கிக் காட்டுகிறது. போலார் ஸ்கோப்பில் (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சை அமைக்க உதவும் சின்னத் தொலைநோக்கி) பொருத்தினால் அந்தப் பிழையும் சேர்ந்தே வரும்.

அறிகுறி 4: ஆர்.ஏ. கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும்

ஆர்.ஏ. என்பது கிழக்கு-மேற்காக, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் அச்சு.

*முதலில் காற்று.* கைடிங்கை நிறுத்தி, வெறும் டிராக்கிங்கில் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு அமைதியாகிவிட்டால் நீங்கள்தான் அளவுக்கு மீறித் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். கைடு கேமராவின் எக்ஸ்போஷரை 2 அல்லது 3 விநாடியாக்குங்கள், அக்ரெஸிவ்னெஸ்ஸை (ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்துவது என்ற அளவு) குறையுங்கள். பிஎச்டி2-ல் இருக்கும் கைடிங் அசிஸ்டென்ட் கருவியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அது சொல்லும் மினிமம் மூவ் மதிப்பை (இதைவிடச் சின்ன நகர்வைத் திருத்த வேண்டாம் என்ற எல்லை) ஏற்றுக்கொள்ளுங்கள். காற்றின் நடுக்கத்தைத் துரத்துவதால் பயனில்லை. மொட்டைமாடியில் வைத்திருந்தால், பகல் முழுக்கச் சூடேறிய தளம் நடுநிசி வரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், நட்சத்திரம் நடுங்கத்தான் செய்யும்.

*அமைதியாகவில்லை என்றால்* எடை சமநிலை. ஆர்.ஏ. அச்சில் கிழக்குப் பக்கம் ஒரு துளி கூடுதல் எடை இருக்கட்டும். கியர் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும், தள்ளாட்டம் போகும். மெரிடியன் (உச்சிக்கோடு) தாண்டித் திருப்பினால் எடையை மறுபடி நகர்த்த வேண்டும்.

*மெதுவாக, அலை மாதிரி, ஒழுங்கான இடைவெளியில் வருகிறது என்றால்* அது புழுக்கியரின் (வொர்ம் கியர்) இயல்பான பிழை. சின்ன மவுண்ட்களில் பல நிமிடங்களுக்கு ஒரு சுற்று வரும். பிஎச்டி2-ல் பிரிடிக்டிவ் பெக் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது சுற்றைக் கற்றுக்கொண்டு முன்கூட்டியே திருத்தும். அலை ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று துள்ளினால் கியரில் மணலோ காய்ந்த கிரீஸோ இருக்கலாம். கியரைக் கழற்றிச் சுத்தம் செய்வது தெரிந்தவர் கையில் போக வேண்டிய வேலை. புழுவும் சக்கரமும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வருவது, கொஞ்சம் இறுகினாலும் மோட்டார் திணறும்.

அறிகுறி 5: டெக் அச்சு திருத்தச் சொன்னால் நெடுநேரம் அசையாமல், திடீரென்று தாவுகிறது

பேக்லாஷ். திசை மாறும்போது கியர் பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை மோட்டார் கடக்கும் வரை நட்சத்திரம் நகராது. கைடிங் அசிஸ்டென்ட் அதை மில்லிவிநாடியில் அளந்து சொல்லும். ஒரு விநாடிக்குள் இருந்தால் மென்பொருளின் ஈடுகட்டும் வசதி போதும். மூன்று விநாடிக்கு மேல் போனால் அதை நம்பாதீர்கள்.

அந்த நிலையில் எனக்குத் தெரிந்த நல்ல வழி, டெக் அச்சை ஒரே திசையில் மட்டும் கைடு செய்வது. துருவ அச்சைத் துல்லியத்திலிருந்து ஒரு துளி விலக்கி வைத்தால் நட்சத்திரம் எப்போதும் ஒரே பக்கம்தான் நழுவும். எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்த்திசையை மட்டும் பிஎச்டி2-ல் அனுமதியுங்கள். பற்கள் ஒரு பக்கமாகவே அழுத்திக்கொண்டிருப்பதால் இடைவெளியைக் கடக்கும் பேச்சே இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் பல மவுண்ட்கள் இப்படிப் பிழைத்திருக்கின்றன.

அறிகுறி 6: கைடிங் கோடு அழகாக இருக்கிறது, படத்தில் நட்சத்திரம் நீண்டிருக்கிறது

மனதை மிகவும் சோர்வடையச் செய்வது இதுதான். மென்பொருள் எல்லாம் சரி என்கிறது, படம் இல்லை என்கிறது. முதலில் நீட்சி எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

*படம் முழுக்க ஒரே திசையில், ஒரே அளவில் நீண்டிருந்தால்:* கைடு ஸ்கோப்பும் பெரிய குழாயும் ஒன்றுக்கொன்று வளைகின்றன. உறுதிசெய்ய, கைடிங்கோடு ஒரு நிமிடப் படம் இருபது எடுத்து, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் குற்றவாளி ஃபைண்டர் என்ற சின்னத் தொலைநோக்கியை மாட்டும் ஷூவும், பிளாஸ்டிக் முனை கொண்ட ஸ்பிரிங் திருகும்தான். அந்தப் பிடிப்பை எடுத்துவிட்டு, இரண்டு உலோக வளையத்தில் இறுகப் பிடியுங்கள். தொங்கும் வயர்களைக் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். தொடக்கநிலை நியூட்டோனியன்களில் (கண்ணாடி வைத்த தொலைநோக்கிகள்) ஃபோக்கஸரே கேமராவின் எடையில் தொங்கும், அதன் பூட்டுத் திருகை இறுக்குங்கள். முதன்மைக் கண்ணாடி அதன் தாங்கியில் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போகவில்லை என்றால் எக்ஸ்போஷரை மூன்று நிமிடத்திலிருந்து ஒன்றுக்கு இறக்கி, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர் (பெரிய குழாயின் ஒளியிலேயே ஒரு துளியைக் கைடு கேமராவுக்குத் திருப்பும் கருவி) கடைசிச் செலவு. அதை வாங்கும் முன், உங்கள் ஃபோக்கஸர் அவ்வளவு உள்ளே போகுமா என்று அளந்து பாருங்கள். சின்ன நியூட்டோனியன்கள் பலவற்றில் போகாது.

*ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக நீண்டிருந்தால்:* துருவ அச்சுப் பிழை, அறிகுறி 3-க்குத் திரும்புங்கள். மவுண்ட் ஆல்ட்-அஸ் முறையில் நின்றால் கைடிங்கால் இதைத் தீர்க்கவே முடியாது, படம் சுழலும். தமிழ்நாட்டில் வடக்கே 45 பாகை உயரத்தில் அது மணிக்கு 20 பாகை அளவு சுழல்கிறது. நேர் கிழக்கிலும் மேற்கிலும் கிட்டத்தட்ட இல்லை. ஈக்யூ முறைக்கு மாறும் வரை அந்தத் திசைகளில் உள்ளவற்றைக் குறுகிய எக்ஸ்போஷரில் எடுங்கள்.

*மூலைகளில் மட்டும் என்றால்* அது கைடிங் விஷயமே இல்லை. கண்ணாடி ஒழுங்கமைப்பையோ, கோமா கரெக்டரின் (மூலை நட்சத்திரங்களைச் சரிசெய்யும் லென்ஸ்) தூரத்தையோ பாருங்கள்.

அறிகுறி 7: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடு இரவில் நின்றுவிட்டது

மார்கழி, தை என்றால் முதலில் கைடு ஸ்கோப்பின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ நள்ளிரவு தாண்டினால் பனி படிந்து நட்சத்திரம் மங்கிப்போகும். அட்டையைச் சுருட்டி முன்னால் ஒரு நீளமான மறைப்பு மாட்டினாலே ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

கண்ணாடி தெளிவாக இருந்தால் மின்சாரம். 12 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரில், மவுண்ட் ஓடும்போதே அளங்கள். 11.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி தீர்ந்தது என்றே வையுங்கள். பனி நீக்கும் ஹீட்டரையும் மவுண்டையும் ஒரே பேட்டரியில் போடாதீர்கள். பிளக்கின் உள்முனை லூசாகி, மவுண்ட் ஒரு பக்கம் திரும்பியதும் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. வயரை மவுண்டின் உடலோடு ஒரு கட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

லேப்டாப்பில் ஸ்லீப்பையும், யூஎஸ்பி துளைகளின் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவைத்தீர்களா? இல்லையென்றால் இன்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

அறிகுறி 8: மோட்டார் ஒன்றுதான், அதுவும் வேகத்தைத் திருகும் குமிழோடு

இந்த மவுண்ட்களுக்குக் கம்ப்யூட்டர் பேச்சே புரியாது, டிரைவர் தேடி நேரம் கழிக்க வேண்டாம். ஆர்.ஏ. மோட்டாரை மட்டும் வைத்து, 20, 30 விநாடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்குங்கள், ஓரியன் நெபுலா அழகாகவே வரும். அதற்கு மேல் ஆசை இருந்தால் இரண்டு ஸ்டெப்பர் மோட்டாரும் ஆன்ஸ்டெப் என்ற திறந்தமூலக் கன்ட்ரோலரும் பொருத்தலாம், அதில் பல்ஸ் கைடிங் உண்டு. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மின்னணுவியல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதில் இறங்குங்கள். மோட்டார் டிரைவரின் மின்னோட்ட அளவை அவரையே சரிபார்க்கச் சொல்லி, அதன் பிறகு பேட்டரியை இணையுங்கள்.